ஒற்றையாட்சி: இலங்கை

ஒரு நாட்டின் சட்டமியற்றும் அதிகாரம் முழுவதும் ஒரே நடுவண் அரசிடம் குவிந்திருந்தால் அது ஒற்றையாட்சி. மாகாணங்களும் நகரசபைகளும் இருக்கலாம். ஆனால் அவற்றின் அதிகாரம் நடுவண் அரசு கொடுத்தது. அது நினைத்தால் குறைக்கவும் கூடும். பிரான்சும் ஜப்பானும் இவ்வகை.

இலங்கையில் இம்முறை நிருவாக ஏற்பாடாகவே புகுந்தது. 1815இல் கண்டி இராச்சியம் கைக்கு வந்த பின்னும் பிரித்தானியர் அதையும் கரையோரத்தையும் தனித்தனியே ஆண்டனர். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1833இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டன. செலவைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அன்றுமுதல் யாழ்ப்பாணக் கச்சேரியில் இருந்த அரசாங்க அதிபர் கொழும்புக்கே கணக்குச் சொன்னார்.

மாற்று வழியை முதலில் பேசியவர்களுள் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஒருவர். 1926இல் அவர் கூட்டாட்சியை ஆதரித்தார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். செல்வநாயகம் அதே கோரிக்கையுடன் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியல் யாப்பில் ஒற்றையாட்சி என்ற சொல்லே கிடையாது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்புதான் அதை எழுதிவைத்தது. கூட்டாட்சி கேட்டுத் தமிழரசுக் கட்சி கொண்டுவந்த திருத்தம் அரசியல் நிர்ணய சபையில் தோற்றது. பழக்கமாக இருந்ததைக் கோட்பாடாக்கிய அந்த நாள்தான், என் கணிப்பில், இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். 1978ஆம் ஆண்டு யாப்பு அதற்குப் பூட்டும் போட்டது: அந்த உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும்.

இந்திய – இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. இது ஒற்றையாட்சியைக் குலைக்கிறதா என்ற கேள்வியில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் பிளவுபட்டனர். ஐந்து பேர் இல்லை என்றனர். ஒரே ஒரு வாக்கில் மாகாண சபைகள் பிழைத்தன. சபைகள் நடுவண் அரசுக்குக் கீழ்ப்பட்டவை என்பதே பெரும்பான்மையினரின் நியாயம். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. காணி, பொலிஸ் அதிகாரங்கள் தாளில் இருந்தும் சபைகளின் கைக்கு வரவில்லை.

2017இல் புதிய யாப்புக்கான இடைக்கால அறிக்கை சிங்களத்தில் ‘ஏக்கிய இராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் எழுதியது. ‘ஏக்கிய’ என்பதில் பிரியாமையும் அடங்கும்; அதுவரை தமிழில் வழங்கிய ‘ஒற்றையாட்சி’ என்பதில் ஆட்சியின் ஒருமை மட்டுமே கேட்கும். இரு தரப்பிலும் சந்தேகம் எழுந்தது. அந்த யாப்பு நிறைவேறவில்லை. இதற்கிடையே, 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடக்காமலே ஆளுநர்கள் மாகாணத்தை நடத்தினார்கள்.