முதுமையில் சிறுநீர்ப்பை: செல்கள் மட்டும்தான் குற்றவாளிகளா?

முதியவர்களின் சிறுநீர்த் தொல்லை பற்றிய பேச்சு பெரும்பாலும் “வயசானா அப்படித்தான்” என்பதோடு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆய்வகங்களில் அதே பேச்சு இப்போது ‘செல் மூப்பு’ என்ற பெயரில் திரும்பி வருகிறது. செல் மூப்பு சிறுநீர்ப்பையின் தாங்குதிறனைக் குறைக்கிறது என்பதை ஏற்கிறேன். முதியவரின் துணி நனைவதற்கு அது ஒன்றே காரணம் என்பதை ஏற்பதற்கில்லை.

லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-இல், வளர்ப்புக் குடுவையில் மனிதச் செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதைக் காட்டினர். இப்படிப் பிரிவதை நிறுத்திய, அதாவது மூப்படைந்த, செல் உடனே சாவதில்லை என்பதுதான் வில்லங்கம். அது உயிரோடிருந்துகொண்டே அழற்சியைத் தூண்டும் புரதங்களை அக்கம்பக்கத்தில் கசியவிடுகிறது.

சிறுநீர்ப்பையில் இதற்கு ஏற்ற இடம் உட்சவ்வு. அதன் மேலடுக்கில் குடைச்செல்கள் உள்ளன. உருவில் பெரியவை, பலவற்றில் இரண்டு உட்கருக்கள் இருக்கும். அடிபட்டால் விரைந்து வளரும், மற்றபடி மாதக்கணக்கில் அசையாமல் உழைக்கும். பை நிரம்பி விரியும்போது இந்தச் சவ்வு ஏ.டி.பி. மூலக்கூறுகளை வெளியிட, அவை அடியிலுள்ள உணர்வு நரம்புகளைத் தட்டுகின்றன. முயலின் சிறுநீர்ப்பையில் இது 1997-இல் காட்டப்பட்டது. ஆக, சவ்வு வெறும் உறையல்ல, உணரும் உறுப்பு. அது மூப்படைந்தால் ‘நிரம்பிவிட்டது’ என்ற செய்தியே பிசகக்கூடும். தசைச்சுவரிலும் வயதோடு தசை குறைந்து கொலாஜன் நார் கூடுகிறது.

இதுவரை செல் மூப்புக் கருத்துக்கு வலுவுண்டு. ஆய்வாளர் இந்திரா மைசோரேக்கரின் குழுவினர் 2024-இல், டி-மானோஸ் என்ற சர்க்கரை எலிகளின் சிறுநீர்ப்பைச் சவ்வில் மூப்பின் அடையாளங்களைக் குறைப்பதாகத் தெரிவித்தனர். அதே ஆண்டு பிரிட்டனில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்கள் 598 பேரிடம் நடந்த சோதனையில் அதே சர்க்கரை தொற்றைத் தடுக்கவில்லை. அச்சோதனை மூப்பை அளக்கவில்லை. எனவே ஒன்று மற்றொன்றை மறுப்பதாகாது. ஆனாலும் எலியின் சவ்விலிருந்து மனிதரின் படுக்கைவரை உள்ள தொலைவை அது நினைவூட்டுகிறது. எலிக்கு மூட்டுவலியோடு எழுந்து கொல்லைக் கோடியிலுள்ள கழிவறையைத் தேடிப் போகும் பாடும் இல்லை.

முதியவரின் தொல்லை ஒரே வகையானதும் அல்ல. மருத்துவரைத் திணறவைக்கும் நிலையொன்றை ரெஸ்னிக், யல்லா என்ற ஆய்வாளர்கள் 1987-இல் விவரித்தனர். அழைக்காதபோதெல்லாம் சுருங்கும் பை, கழிக்க உட்கார்ந்தால் முழுதும் காலியாவதில்லை. அவசரத்தை மட்டும் கேட்டுவிட்டு, பையைச் சுருங்கத் தூண்டும் அசிடைல்கோலினைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தால் மிச்சம் தேங்குவது கூடலாம். சிலருக்கு மறதியும் குழப்பமும் சேரும்.

இரவுத் தொல்லையில் பை பெரும்பாலும் நிரபராதி. பகலெல்லாம் கணுக்காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்தை எட்டுகிறது. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் இளமையில் இரவில் கூடும். வயதானால் அந்த ஏற்றம் மங்கிவிடுகிறது. நாலு முறை எழுந்ததாகச் சொல்பவரிடம் அளவுக் குவளை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஒவ்வொரு முறையும் 300 மில்லி வருகிறதென்றால் பை சுருங்கவில்லை, சிறுநீரே அதிகம். நாளின் மொத்தத்தில் 33 விழுக்காட்டுக்கு மேல் இரவில் கழிந்தால், 65 வயதைத் தாண்டியவரிடம் அதை இரவுநேர மிகைச் சிறுநீர் என்கிறார்கள். சவ்வின் மூப்பை நீக்கும் மருந்து நாளையே வந்தாலும் இவருக்குப் பெரிதாக உதவாது. மாலைக்குமுன் காலைத் தூக்கிவைத்துப் படுப்பதும், நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும் உதவலாம்.

செல் மூப்பு ஆய்வு தொடரட்டும். மனிதரிடம் சோதிக்கப் புகும்போது, சேர்க்கப்படும் ஒவ்வொரு முதியவரிடமும் மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடும், கழித்தபின் பையில் தேங்கும் மிச்சத்தின் அளவும் முதலில் எடுக்கப்பட வேண்டும் என்பதே ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்.