ஆந்திரொமேடா நோவாக் கணக்கெடுப்பு

பால்வழிக்கு அண்மையில் உள்ள பெரிய விண்மீன் மண்டலம் ஆந்திரொமேடா (எம்31). அதில் திடீரெனப் பொலிந்து மங்கும் நோவாக்களைத் தொடர்ந்து படமெடுத்துப் பதிவுசெய்யும் வானியல் பணியே இக்கணக்கெடுப்பு. நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் இப்பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியுள்ளன.

நோவாவின் இயல்பு

நோவா ஓர் இரட்டை விண்மீன் அமைப்பில் நிகழ்வது. அடர்த்தி மிக்க வெண்குறுமீன் தன் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை ஈர்த்து மேற்பரப்பில் சேர்க்கிறது. அந்தப் படலத்தின் அடியில் வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறும்போது அணுக்கரு இணைவு கட்டுக்கடங்காமல் மூண்டு, சேர்ந்த பொருளை வெளியே வீசுகிறது. வெண்குறுமீன் அழிவதில்லை, மறுபடி ஹைட்ரஜனைச் சேர்க்கத் தொடங்குகிறது.

ஆந்திரொமேடாவின் சிறப்பு

பால்வழியின் நோவாக்களில் பலவற்றைத் தூசு மறைக்கிறது. தெரிபவற்றுக்கும் தொலைவைத் தனித்தனியே கணிக்க வேண்டும். ஆந்திரொமேடாவின் நோவாக்களோ ஏறத்தாழ ஒரே தொலைவில், சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளன. ஆகவே அவற்றின் பொலிவை நேரடியாக ஒப்பிடலாம்.

தொடக்கக் காலம்

1885இல் இம்மண்டலத்தில் வெறும் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு ஒரு விண்மீன் பொலிந்தது. அது நோவாவைவிடப் பன்மடங்கு பொலியும் சூப்பர்நோவா என்ற தெளிவு அப்போது இல்லாததால், ஆந்திரொமேடா அருகில்தான் இருக்கிறது என்று பலர் கருத இது இடமளித்தது. 1917இல் ஜார்ஜ் ரிட்சி மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் பழைய ஒளிப்படத் தட்டுகளை ஆராய்ந்து, 1909இல் ஆந்திரொமேடாவில் பதிவான மங்கலான நோவாக்களைக் கண்டார். பால்வழி நோவாக்களைவிட இவை இவ்வளவு மங்கியிருப்பதற்குக் காரணம் தொலைவே என்று ஹீபர் கர்ட்டிஸ் வாதிட்டார்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த தட்டில் மூன்று புள்ளிகளை நோவா எனக் குறித்தார். அவற்றுள் ஒன்று செபீடு வகை மாறும் விண்மீன் என்று பின்னர் தெரிந்தது. ஆந்திரொமேடா பால்வழிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பது அதைக் கொண்டு தொலைவைக் கணித்தபோதே உறுதிப்பட்டது. நோவாத் தேடல் அறிவியலுக்குத் தந்த முதல் பெருங்கொடை இது.

ஆண்டு வீதம்

1929இல் ஹபிள் 85 நோவாக்களைத் தொகுத்து, ஆண்டுக்குச் சுமார் 30 என மதிப்பிட்டார். 1956இல் ஹால்டன் ஆர்ப் 30 நோவாக்களின் ஒளிமாற்றத்தை நெருக்கமாகப் பின்தொடர்ந்து 26 என்றார். இத்தாலியின் அசியாகோவில் லியோனிடா ரொசினோ குழுவினர் சுமார் முப்பதாண்டுகளில் 142 நோவாக்களைப் பதிவுசெய்தனர்.

மண்டலத்தின் ஒளிமிக்க மையப்பகுதியில் நோவா கண்ணில் படுவது கடினம். நோவா வெளியிடும் ஹைட்ரஜன்-ஆல்பா ஒளி நெடுநாள் நீடிப்பதால், அதை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியை 1980களில் சியார்டுல்லோ குழுவினர் பயன்படுத்தினர். 2001இல் ஷாஃப்டர், இர்பி இருவரும் 37 என்றும், 2006இல் டார்ன்லி குழுவினர் 65 என்றும் கணித்தனர். இருபதாண்டுத் தரவுகளைக் கொண்ட 2022 ஆய்வு சுமார் 40 என்கிறது. மேகம் மூடிய இரவுகளிலும் மைய ஒளியிலும் தவறியவை எத்தனை என்ற மதிப்பீட்டைப் பொறுத்தே எண் மாறுகிறது. எனவே இடைவெளியின்றிப் படமெடுப்பதே இத்துறையின் உயிர்நாடி.

அண்மைக் கண்டுபிடிப்புகள்

பொலிவு மிகுந்த நோவா விரைந்து மங்கும் என்பது நெடுநாளைய விதி. 2011இல் மான்சி கஸ்லிவால் குழுவினர் பாலோமர் தொலைநோக்கியால் இரவுதோறும் படமெடுத்து, பொலிவு குறைந்தும் விரைந்து மங்கும் நோவாக்களைக் கண்டனர். அவ்விதி மறு ஆய்வுக்கு வந்தது.

2008 டிசம்பரில் ஜப்பானிய வானோக்கர்கள் கண்ட எம்31என் 2008-12ஏ ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கிறது. அதன் வெண்குறுமீன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர் வரையறுத்த சுமார் 1.4 சூரிய நிறை என்ற உச்ச நிறை எல்லையை நெருங்கியுள்ளது. லடாக்கின் ஹான்லேயில் அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியும் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் இதை ஆராய்ந்துள்ளன. எல்லையைத் தொடும் வெண்குறுமீன் கார்பன்-ஆக்சிஜனால் ஆனதானால், அண்டத் தொலைவுகளை அளக்க உதவும் 1ஏ வகைச் சூப்பர்நோவாவாக வெடிக்கும். அத்தகைய வெடிப்புக்கு முந்தைய நிலையை நேரில் ஆராயும் அரிய வாய்ப்பை இக்கணக்கெடுப்பு தந்துள்ளது.