விரைவுப் பரிசோதனையும் அதன் அளவுகோலும்

1933ஆம் ஆண்டில் இலண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வில்சன் சுமித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், இன்ஃபுளுவென்சா நோயாளியின் தொண்டையைக் கழுவிய நீரை வடிகட்டி ஃபெரட் என்னும் சிறு விலங்கின் மூக்கில் செலுத்தி, அதற்கும் காய்ச்சலும் தும்மலும் வரக் கண்டபோது, மனிதருக்கு அந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸே என்பது நிறுவப்பட்டது. ஆயினும், எதிரே படுத்திருக்கும் ஒரு நோயாளியின் காய்ச்சலுக்கு அந்த வைரஸ்தான் காரணமா என்று சொல்வதற்கு அக்கண்டுபிடிப்பு மட்டும் போதவில்லை. வைரஸ் இரத்தச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை 1941இல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கண்டறிந்த பின், நோயின் தொடக்கத்தில் ஒரு முறையும் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுத்து, அந்தத் திரட்சியைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள், பெருகியுள்ளனவா என்று ஒப்பிடும் முறை பரவியது. கோழிமுட்டைக் கருவிலோ, பின்னாளில் கண்ணாடிக் குழாயில் வளர்த்த உயிரணுக்களிலோ வைரஸைப் பெருக்கிப் பார்க்கும் வளர்ப்பு முறைக்கும் பல நாட்கள் ஆயின. நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகோ இறந்த பிறகோதான் பெரும்பாலும் விடை கிடைத்தது. அது நோய்ப்பரவலை ஆராய்ந்தவர்களுக்குப் பயன்பட்ட அளவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்குப் பயன்படவில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பணியாற்றிய பி. எஸ். கார்ட்னர், ஜாய்ஸ் மெக்குவில்லின் ஆகிய இருவருக்கும் உரிய இடம் பொது வரலாறுகளில் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அது எங்கே ஒட்டுகிறது என்று நுண்ணோக்கியில் காணும் முறையை 1940களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் உருவாக்கியிருந்தார். மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்த கைக்குழந்தைகளின் மூக்குச் சளியில் 1960களின் பிற்பகுதியில் அம்முறையைக் கையாண்ட நியூகாசில் ஆய்வாளர்கள், சுவாசப்பாதை உயிரணுக்களை ஒன்றிணையச் செய்யும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸைச் சில மணி நேரத்திலேயே அடையாளம் கண்டனர். இந்த வைரஸ் எளிதில் சிதையக்கூடியது. மாதிரி ஆய்வகத்தை அடைவதற்குள் அழிந்துவிட்டால் வளர்ப்பு முறையில் ஒன்றும் முளைக்காது. வளர்ப்பில் தோன்றாத வைரஸ் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தால், பிழை செய்தது புதிய சோதனையா, அதை எடைபோட வைத்திருந்த பழைய சோதனையா என்ற கேள்வி எழும். விரைவுப் பரிசோதனைகளின் துல்லியத்தைப் பற்றிப் பின்னர் நடந்த விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் இக்கேள்வியே இருந்துவந்துள்ளது.

நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற கண்ணும் இல்லாமல் சோதனை செய்யும் வழி வேறு துறைகளிலிருந்து வந்தது. ஒரே இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்களை வற்றாமல் உற்பத்தி செய்யும் நுட்பத்தைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்டனர். நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் நீர்மம் தானே ஊர்ந்து சென்று கோடு காட்டும் கருவி, 1980களின் இறுதியில் கர்ப்பப் பரிசோதனையாகக் கடைகளுக்கு வந்தது. அதே அமைப்பில் சிறுநீருக்குப் பதில் சளிக்கரைசலை இட்டால் அது வைரஸ் சோதனை ஆகிறது. நுண்ணிய பொன் துகள் முதலிய நிறமூட்டிகளோடு பிணைந்த எதிர்ப்பொருள்கள் வைரஸின் உட்புரதத்தைப் பற்றிக்கொண்டு நகர, பட்டையில் பதித்துள்ள வேறு எதிர்ப்பொருள்கள் அவற்றைத் தடுத்து நிறுத்தும்போது கோடு தெரிகிறது. இவ்வாறு பற்றப்படும் வைரஸ் பகுதிக்கு ஆன்டிஜென் என்று பெயர். இந்தச் சோதனை எதையும் பெருக்குவதில்லை. சளியில் எவ்வளவு புரதம் இருக்கிறதோ அவ்வளவையே காட்டுகிறது. 1980களில் கேரி முல்லிஸ் வகுத்த பிசிஆர் முறையோ மரபுப்பொருளின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கில் படியெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவு புரதம் திரளாத நாட்களில் பட்டை கோடு காட்டாமல் இருப்பது உற்பத்திக் குறையன்று, அம்முறையின் இயல்பு.

1999இல் ஒசல்டாமிவிர், சனாமிவிர் என்னும் இரு மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததும் இன்ஃபுளுவென்சா விரைவுச் சோதனைக்குத் தேவை பெருகியது. நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அவை நன்கு பயன்படும் என்பதே காரணம்.

ஒரு சோதனையின் தரத்தைக் குறிக்கும் இரு அளவுகளை, மார்பு எக்ஸ்ரே படங்களைப் படிப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஜேக்கப் எருஷால்மி 1947இல் வரையறுத்தார். நோயுள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினரைச் சோதனை கண்டுபிடிக்கிறது என்பது உணர்திறன். நோயற்றவர்களில் எத்தனை விழுக்காட்டினரை அது சரியாக விலக்குகிறது என்பது குறிதிறன். உணர்திறன் 60, குறிதிறன் 98 விழுக்காடு உள்ள ஒரு கருவியை, நோய் உச்சத்தில் இருக்கும் காலத்தில் 300 பேருக்கு உண்மையில் நோயுள்ள 1,000 பேரிடம் பயன்படுத்தினால், 180 நோயாளிகள் பிடிபடுவர், 120 பேர் தப்புவர், நோயற்ற 14 பேர் தவறாகச் சுட்டப்படுவர். அதே கருவியை 10 பேருக்கு மட்டுமே நோயுள்ள காலத்தில் 1,000 பேரிடம் பயன்படுத்தினால், கோடு தெரிந்த ஏறத்தாழ 26 பேரில் 6 பேரே உண்மை நோயாளிகள். கருவி மாறவில்லை, அதன் விடைக்குத் தரக்கூடிய மதிப்பு மாறிவிட்டது.

இன்ஃபுளுவென்சாக் கருவிகள் பல முதலில் வளர்ப்பு முறையோடு ஒப்பிடப்பட்டு நற்சான்று பெற்றவை. வளர்ப்பே சில நோயாளிகளைத் தவறவிட்டதால், அவர்களைப் பட்டையும் தவறவிட்டது கணக்கில் ஏறவில்லை. 2009இல் புதிய எச்1என்1 வைரஸ் பரவியபோது பிசிஆர் அளவுகோலானது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அவ்வாண்டில் மூன்று கருவிகளைச் சோதித்து, அப்புதிய வைரஸைக் காண்பதில் அவற்றின் உணர்திறன் 40 முதல் 69 விழுக்காடுவரை மட்டுமே என்று அறிவித்தது. பின்னர் 159 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த பகுப்பாய்வு, பொதுவான உணர்திறனை 62.3 விழுக்காடாகவும் குறிதிறனை 98.2 விழுக்காடாகவும் கணித்தது. சளியில் வைரஸ் மிகுதியாக வெளிப்படும் குழந்தைகளிடம் கருவிகள் பெரியவர்களிடத்தைவிட நன்றாகச் செயல்பட்டன. கருவிகளின் இந்தக் குறைந்த உணர்திறன் காரணமாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் இக்கருவிகளை மேலும் கடுமையான வகைக்கு மாற்றி, பிசிஆர் போன்ற மூலக்கூறு முறைகளோடு ஒப்பிட்டால் குறைந்தது 80 விழுக்காடு உணர்திறன் இருக்க வேண்டும் என்றும், மாறிவரும் வைரஸ் வகைகளுக்கு எதிராக அவை ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. எட்டாண்டுத் தாமதம் என்று இதைக் குறைகூறலாம். ஆயினும் தரமற்ற பல கருவிகளைச் சந்தையிலிருந்து அகற்றிய விதி அது.

கோவிட் பெருந்தொற்றில் இந்தப் பாடத்தை மீண்டும் கற்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த விரைவுக் கருவிகள் வைரஸையன்றி எதிர்ப்பொருளைத் தேடியவை. எதிர்ப்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகுமாகையால் தொடக்க நோயைக் கண்டறிய அவை இயல்பாகவே உதவாதவை. அத்துடன் கருவிகளின் தரமும் சரியில்லை என்று மாநிலங்கள் முறையிட்டதால், அம்மாத இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவற்றின் பயன்பாட்டை நிறுத்தச் சொன்னது. ஜூன் 14 அன்று அக்கழகம் பரிந்துரைத்த ஆன்டிஜென் கருவியின் உணர்திறன் 50.6 முதல் 84 விழுக்காடுவரை, குறிதிறன் 99.3 முதல் 100 விழுக்காடுவரை இருந்தது. அதனால்தான் கோடு தெரிந்தால் நோய் உறுதி என்றும், அறிகுறி இருந்தும் கோடு தெரியாவிட்டால் பிசிஆர் சோதனை கட்டாயம் என்றும் விதி அமைந்தது. இவ்விரண்டாம் பாதியைப் பின்பற்றாத இடங்களில் எத்தனை நோயாளிகள் நலமானவர்களாக எண்ணப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பது கவலைக்குரிய கேள்வி.

அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் அறிகுறியற்றவர்களிடம் நடந்த ஆய்வில், பிசிஆர் கண்டறிந்த 70 பேரில் பட்டை 28 பேரை, அதாவது 40 விழுக்காட்டினரை மட்டுமே காட்டியது. ஆனால் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்த 11 பேரில் 10 பேரைக் காட்டியது. ஒரு தரப்பினர் முதல் எண்ணைக் கொண்டு சோதனை பயனற்றது என்றனர். மறு தரப்பினர் இரண்டாம் எண்ணைக் கொண்டு, பிறருக்குத் தொற்றவைக்கக்கூடியவர்களை அது பிடித்துவிடுகிறது என்றனர். குணமான பின்னும் எஞ்சிய மரபுத் துண்டுகளைப் பிசிஆர் பல வாரங்கள் காட்டும் என்பதால் இரண்டாம் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் தொற்றின் தொடக்கத்தில் வைரஸ் அளவு மணிக்கு மணி ஏறும். இன்று கோடு காட்டாதவர் நாளை தொற்றவைக்கக்கூடும். 2022இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, ஆன்டிஜென் கருவிகளின் உணர்திறன் அறிகுறியுள்ளவர்களிடம் 73.0, அற்றவர்களிடம் 54.7 விழுக்காடு என்றும், நோயின் முதல் வாரத்தில் 80.9 ஆக இருப்பது இரண்டாம் வாரத்தில் 53.8 ஆகக் குறைகிறது என்றும் கணக்கிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கோடு தெரியாத விடை வந்தால் அறிகுறியுள்ளவர்கள் 48 மணி நேர இடைவெளியில் குறைந்தது இருமுறையும், அறிகுறியற்றவர்கள் மும்முறையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. மலிவும் விரைவுமே தன் சிறப்பெனக் கொண்ட கருவி இவ்வாறு இரண்டு மூன்று மடங்கு செலவும், இரண்டு முதல் நான்கு நாள் காத்திருப்பும் கோரும் கருவியாயிற்று. கூலி வேலைக்குச் செல்பவர் அந்நாட்களில் என்ன செய்வார் என்பதற்கு அவ்வறிவுரையில் இடமில்லை.