மூன்று நாள் பயணம்

ஊருக்குக் கிளம்புகிற நாளில் நம் வீடுகளில் ஒரு சின்ன நாடகம் நடக்கும். கவனித்திருக்கிறீர்களா?

வாசலில் ஆட்டோ நிற்கும். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். 'கேஸை மூடினோமா?' உள்ளே ஓடுவார். மூடித்தான் இருக்கும். அடுத்தது அப்பா. 'மோட்டார் சுவிட்ச்?' அதுவும் அணைத்துத்தான் இருக்கும். பால்காரருக்குச் சொல்லியாச்சு, பேப்பர் போடும் பையனுக்கும் சொல்லியாச்சு. ஃப்ரிட்ஜில் மிஞ்சிய தயிர் எதிர்வீட்டுக்குப் போயாச்சு. துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாடி வீட்டில் ஒரு சாவி. கடைசியாகப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை எல்லோரும் வீட்டையே பார்த்துக்கொண்டு போவார்கள்.

இத்தனை ஜாக்கிரதையும் எதற்கு? திரும்பி வரப்போகிறோம் என்பதற்காகத்தான்!

திரும்புவது நிச்சயமில்லை என்றால் ஏற்பாடே வேறு மாதிரி இருக்கும். ரயில் வருவதற்கு முந்தைய காலத்தில் காசிக்குக் கால்நடையாகக் கிளம்பியவர்கள் கொடுக்கல் வாங்கலை முடித்தார்கள். பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் பூட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆக, எப்படி வீட்டைவிட்டுக் கிளம்புவது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்தான். எத்தனை நாள் கழித்துத் திரும்பப் போகிறோம்?

இந்தக் கேள்விக்கு ஒரு அரசாங்கம் ஓர் ஊருக்கே தப்பான பதிலைச் சொன்னது. அந்தக் கதைதான் இது.

*

சோவியத் யூனியனில், இன்றைய உக்ரைனின் வடக்கு ஓரத்தில், ப்ரிப்யாத் என்று ஒரு நகரம். 1970-ல் புத்தம் புதிதாக எழுப்பப்பட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்காகவே உருவான ஊர். 1986-ல் மக்கள்தொகை சுமார் 49,000. சராசரி வயது எவ்வளவு தெரியுமா? 26! எங்கு பார்த்தாலும் இளம் தம்பதிகள், கைக்குழந்தைகள், குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகள். நீச்சல் குளம், கலாசார மாளிகை, தெருவெல்லாம் ரோஜாச் செடிகள். சோவியத் நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்குக் கடைகளில் சரக்கு. ஒரு பொழுதுபோக்குப் பூங்கா தயாராகிக்கொண்டிருந்தது. மஞ்சள் பெட்டிகள் தொங்கும் பெரிய ராட்டினம் ஒன்று அங்கே நின்றது. மே 1 அன்று திறப்பு விழா.

ஏப்ரல் 26, சனிக்கிழமை. அதிகாலை 1.23 மணி. அணுமின் நிலையத்தின் நான்காவது உலை, ஒரு பாதுகாப்புச் சோதனையின்போது வெடித்துச் சிதறியது. மேலே இருந்த ராட்சத மூடி தூக்கி எறியப்பட்டது. எரிகிற உலையிலிருந்து கதிரியக்கத் தூசி வானத்தை நோக்கிக் கிளம்பியது.

ப்ரிப்யாத் தூங்கிக்கொண்டிருந்தது.

பொழுது விடிந்தது. ஊருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனார்கள். அம்மாக்கள் கடைக்குப் போனார்கள். ஊரில் கல்யாணம்கூட நடந்தது. நல்ல வெயில் அடித்த வசந்த கால நாள். குழந்தைகள் வெளியே மணலில் விளையாடினார்கள். 'பவர் ஸ்டேஷனில் ஏதோ தீப்பிடிச்சிருக்காம்' என்கிற அளவில்தான் பேச்சு. சிலர் மாடியில் நின்று தூரத்தில் கிளம்பிய புகையை வேடிக்கை பார்த்தார்கள். தெருக்களைக் கழுவிக்கொண்டு வண்டிகள் போயின. வெளியூருக்கு போன் போட்டவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது!

சனிக்கிழமை மாலை மாஸ்கோவிலிருந்து ஒரு உயர்மட்டக் குழு வந்து இறங்கியது. தலைவர், துணைப் பிரதமர் போரிஸ் ஷெர்பினா. குழுவில் வேதியியல் விஞ்ஞானி வலேரி லெகாசவும் இருந்தார். ஊரைக் காலி செய்வதா, வேண்டாமா? விவாதம் நடந்தது. மனிதர்கள் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கினால் வெளியேற்ற வேண்டும் என்று அரசின் விதிமுறையில் ஒரு கணக்கு இருந்தது. அந்த அளவை ஊர் இன்னும் தொடவில்லை என்பது ஒரு தரப்பு. இன்று தொடவில்லை, நாளை நிச்சயம் மோசமாகும் என்பது விஞ்ஞானிகள் தரப்பு. ராத்திரி நெடுநேரம் கழித்து, காலி செய்வது என்று முடிவானது. கீவ் நகரிலிருந்து சுமார் 1,200 பஸ்கள் புறப்பட்டு வந்து, இருட்டில் வரிசையாகக் காத்து நின்றன.

*

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேல், வீட்டுக்கு வீடு இருந்த வானொலிப் பெட்டிகளில் ஒரு பெண் குரல் ஒலித்தது. பதற்றமே இல்லாத குரல்.

அணுமின் நிலையத்தில் ஏற்பட்ட விபத்தால் நகரில் கதிரியக்க நிலைமை சரியாக இல்லையாம். மக்களின், முக்கியமாகக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எல்லோரையும் 'தற்காலிகமாக' வெளியேற்றுகிறார்களாம். இரண்டு மணியிலிருந்து ஒவ்வொரு கட்டடத்தின் வாசலுக்கும் பஸ் வரும். அடையாளச் சான்றுகள், மிக அவசியமான பொருட்கள், வழிக்குக் கொஞ்சம் சாப்பாடு, இவை போதும். வீடுகளை போலீஸ் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் சொன்னதுதான் முக்கியம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜன்னல்களைச் சாத்தவும். மின்சார, கேஸ் சாதனங்களை அணைக்கவும். தண்ணீர்க் குழாய்களை மூடவும்... மறந்துவிட வேண்டாம்!

நம் வீட்டு அம்மா, அப்பாவின் அதே பட்டியல்!

எத்தனை நாள்? வாசல் வாசலாக வந்து நின்றவர்கள் சொன்ன பதில், மூன்று நாள்.

மூன்று நாள் என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ப்ரிப்யாத்தும் அதைத்தான் செய்தது. கேஸை மூடியது. குழாயைத் திருகிப் பார்த்தது. ஜன்னலைச் சாத்தியது. ஒரு பையில் மாற்றுத் துணி, ரொட்டி, அடையாளச் சான்று. கல்யாண ஆல்பம் அலமாரியில் இருந்தது. அது எதற்கு மூன்று நாளைக்கு? குழந்தையின் முதல் செருப்பு, அப்பாவின் கடிதங்கள், பியானோ, புத்தகங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஃப்ரிட்ஜில் மே தின விடுமுறைக்காக வாங்கி வைத்த உணவு இருந்தது. புதன்கிழமை வந்து சமைத்துக்கொள்ளலாமே!

நாய், பூனைகளுக்கு பஸ்ஸில் இடமில்லை. கிண்ணத்தில் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தார்கள். மூன்று நாளைக்குப் போதும் என்கிற கணக்கு. சில நாய்கள் பஸ்களுக்குப் பின்னாலேயே ஓடி வந்தன.

இரண்டு மணிக்கு பஸ்கள் நகர ஆரம்பித்தன. கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் ஊர் காலி. கூச்சல் இல்லை, நெரிசல் இல்லை. நிர்வாகரீதியில் பார்த்தால் அபார சாதனைதான்.

கதவைப் பூட்டிய எத்தனையோ பேர் வழக்கம்போல ஒரு தடவை இழுத்துப் பார்த்திருப்பார்கள். சாவியைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

*

மறுநாள் திங்கட்கிழமை காலை. 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் செருப்பைச் சோதித்த கருவி அலறியது. எங்கள் உலையில் கசிவா என்று பதறித் தேடினார்கள். இல்லை, காற்று கொண்டுவந்தது! ஸ்வீடன் கேள்வி கேட்ட பிறகு, அன்று இரவு ஒன்பது மணிச் செய்தியில் சோவியத் அரசு சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் பேசியது மே 14-ல்தான். அதற்குள் மே தின ஊர்வலத்தில் கீவ் நகரக் குழந்தைகள் திறந்தவெளியில் கொடி பிடித்து நடந்து முடித்திருந்தார்கள்.

மூன்று நாள், மூன்று வாரமானது. உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் வட்டம் போட்டு, கிராமங்களையும் காலி செய்தார்கள். 1986-ல் மட்டும் சுமார் 1,16,000 பேர் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டுகளில் இன்னும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

பூட்டிய வீடுகள் என்னவாயின?

மின்சாரம் நின்றது. ஃப்ரிட்ஜ்களுக்குள் எல்லாம் அழுகியது. சுத்தம் செய்ய வந்தவர்கள் ஃப்ரிட்ஜ்களை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். போலீஸ் காவலையும் மீறித் திருடர்கள் நுழைந்தார்கள். டி.வி.யும் ரேடியோவும் கதிரியக்கத் தூசியோடு வெளிச் சந்தைக்குப் போயின. நாய், பூனைகளின் ரோமத்தில் தூசி ஒட்டியிருக்கும் என்பதால் வேட்டைக்காரர்களை அனுப்பிச் சுட்டார்கள். வளர்ப்புப் பிராணிகள் அல்லவா... மனிதக் குரல் கேட்டதும் ஒளியாமல் எதிரே ஓடி வந்தன.

அந்த வருடமே பிறகு ஒருமுறை, பொருட்களை எடுத்துக்கொள்ள ஊர்க்காரர்களைச் சிறிது நேரம் அனுமதித்தார்கள். பூட்டிய சாவியாலேயே திறந்தார்கள். ஆனால், எடுத்த ஒவ்வொரு பொருளின் மேலும் கருவியைக் காட்டி அளந்தார்கள். முள் அதிகம் நகர்ந்தால் அந்தப் பொருள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கொபாச்சி என்கிற பக்கத்துக் கிராமத்தின் கதி இன்னும் மோசம். ஒன்றிரண்டு கட்டடங்கள் தவிர, வீடுகளையே இடித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். சாவி இருக்கிறது, வீடு இல்லை.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. ஆபத்து என்று ஊரைக் காலி செய்தார்கள். ஆனால், அணுமின் நிலையம்? மற்ற உலைகளில் இரண்டு சில மாதங்களிலேயே மறுபடி ஓட ஆரம்பித்தன, மூன்றாவது 1987 இறுதியில்! ஊழியர்களுக்காக ஸ்லாவூட்டிச் என்று புது நகரம் கட்டி, தினமும் ரயிலில் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசி உலை நின்றது 2000 டிசம்பர் 15-ல். பதினான்கு வருடங்களுக்கும் மேலாக, காலியாகக் கிடந்த தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் பழைய ப்ரிப்யாத்காரர்கள் பலர்.

*

அந்த 'மூன்று நாள்' பொய்க்கு ஒரு நியாயம் சொல்லப்படுவது உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் பீதி கிளம்பியிருக்கும். ஜனங்கள் மெத்தை, பீரோவெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். மூன்று மணி நேரத்தில் ஊர் காலியாகியிருக்காது. தூசி படிந்த சாமான்கள் ஊர் ஊராக விஷத்தைப் பரப்பியிருக்கும்.

யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால், அவசரம் அத்தனை முக்கியம் என்றால் அதற்கு முந்தைய 36 மணி நேரம் என்ன ஆயிற்று? சனிக்கிழமை காலையில் 'ஜன்னலைச் சாத்துங்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள்' என்று அதே வானொலியில் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஜன்னலைச் சாத்தச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருமே இல்லாதபோது! அந்த முதல் நாட்களில் காற்றிலும், பிறகு பாலிலும் கலந்த கதிரியக்க அயோடின் குழந்தைகளைத்தான் குறிவைத்தது. 2005 வரை உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா மூன்றிலும் அன்றைய குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வந்த தைராய்டு புற்றுநோய்களின் எண்ணிக்கை 6,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதிக்கு அந்த அயோடின்தான் காரணம் என்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஆல்பம் பைக்குள் அடங்கும். கைக்கு அடக்கமான ஒரு போட்டோ சட்டைப் பைக்குள்ளேயே அடங்கும். 'இதுதான் கடைசி' என்று தெரிந்திருந்தால், அந்த நாற்பத்து சொச்சம் ஆயிரம் பேரும் என்ன எடுத்திருப்பார்கள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தடையை மீறித் திரும்பியவர்களும் உண்டு. சுமார் 1,200 பேர், பெரும்பாலும் கிராமத்துக் கிழவிகள். வேலிக்கு அடியில் புகுந்து, காட்டு வழியில் நடந்து, சொந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்கள். அரசாங்கம் முதலில் விரட்டியது. பிறகு கண்டும் காணாமல் விட்டது. முன்னோர்களின் கல்லறைக்கு வருடம் ஒருமுறை, ஈஸ்டருக்குப் பிறகு, மற்றவர்களும் வந்துபோக அனுமதி உண்டு. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் இந்தப் பகுதிக்குள் நுழைந்தன. மார்ச் இறுதியில் வெளியேறின. இறந்தவர்களைப் பார்க்க வருவதற்கும் அதன்பின் சிக்கல்தான்.

ப்ரிப்யாத்தில் இன்று மாடி வீடுகளுக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. ராட்டினம் துருப்பிடித்து நிற்கிறது. அப்போது தப்பிய நாய்களின் வாரிசுகள் என்று கருதப்படுபவை அந்த வட்டாரத்தில் சுற்றுகின்றன. 302 நாய்களின் மரபணுவைப் பரிசோதித்து 2023-ல் ஒரு ஆய்வுகூட வெளியானது.

தமிழில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் பாட்டிகள் திட்டுவார்கள். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த முறை பூட்டை மூன்றாவது தடவை இழுத்துப் பார்க்கும்போது, யாராவது 'கிளம்பு, நேரமாச்சு' என்று கத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வந்து அதே பூட்டைத் திறக்கப் போகிறோம் என்கிற நிச்சயம் இருக்கிறதே... அது எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.