சுகர் மாத்திரை போடுறீங்களா... பி12 அளவைப் பார்த்தீங்களா?

‘படுத்தா பாதம் மரத்துப்போகுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு.’ வீட்டில் அப்பாவோ அம்மாவோ இப்படிச் சொன்னால், ‘சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று நாமே தீர்ப்பு சொல்லிவிடுவோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், சுகருக்குப் போடும் மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது தெரியுமா?

அந்த மாத்திரை, மெட்ஃபார்மின். டைப் 2 சர்க்கரை நோய்க்கு அதிகம் எழுதப்படும் மருந்து இது. பி.சி.ஓ.எஸ் பிரச்னை உள்ள இளம்பெண்களுக்கும் தரப்படுகிறது. நல்ல மருந்துதான். ஆனால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதை இது குறைக்கலாம். நரம்புகளுக்கும் ரத்த அணுக்களுக்கும் பி12 கட்டாயம் வேண்டும்.

ஏன் உடனே தெரிவதில்லை?

நம் கல்லீரல், சில வருடங்களுக்குத் தாங்கும் அளவுக்கு பி12-ஐ சேமித்து வைத்திருக்கும். அது மெல்ல மெல்லத்தான் கரையும். அதனால் மாத்திரை ஆரம்பித்துப் பல வருடங்கள் கழித்தே பிரச்னை தலைகாட்டும். அதற்குள் மாத்திரையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

* பல வருடங்களாக, அதிக டோஸில் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள்

* சைவ உணவுக்காரர்கள். பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். காய்கறி, கீரையை நம்ப முடியாது.

* அசிடிட்டிக்காக பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை நீண்டநாள் போடுபவர்கள்

* வயதானவர்கள்

கை, கால் மரத்துப்போவது, தீராத அசதி, நாக்கு எரிச்சல், மறதி, நடக்கும்போது தடுமாற்றம்... இவையெல்லாம் அறிகுறிகள். கண்டுகொள்ளாமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

முதலில் டெஸ்ட், அப்புறம் மாத்திரை

ரத்தத்தில் பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். 200 - 300 என்றால் பார்டர். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அவ்வப்போது இதைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் சொல்கிறது.

‘எதுக்கு டெஸ்ட்? மெடிக்கல்ல ஒரு சத்து மாத்திரை வாங்கிப் போட்டா போச்சு’ என்று நினைக்காதீர்கள். ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். பி6-ஐ அதிக டோஸில் மாதக்கணக்கில் போட்டால், அதுவே கை, கால் மரத்துப்போக வைக்கும்!

குறைபாடு உறுதியானால், மாத்திரையா, ஊசியா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தினமும் தேவைப்படுவது 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். அப்புறம் ஏன் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை? வழக்கமான பாதையில் உடம்பால் கொஞ்சம்தான் எடுக்க முடியும். அதற்கு மேல் உள்ளதில் சுமார் 1 சதவிகிதம்தான் தானாக உள்ளே போகும். அந்தக் கணக்கில்தான் இவ்வளவு பெரிய டோஸ்.

ஒரு விஷயம் முக்கியம். இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சுகர் எகிறினால் நரம்புக்கு அதுவும் ஆபத்து. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, ‘பி12 ஒருதடவை பார்த்துடலாமா டாக்டர்?’ என்று கேளுங்கள். அப்பா, அம்மாவுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.