ஒப்படைத்த பொருளும் சிறைத் தண்டனையும்: அம்பத்தூர் வட்டாரத்தில் ஒரு சட்டத்தின் வரலாறு

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அம்பத்தூரை உள்ளடக்கிய தொண்டை நாட்டில் பழைய வழக்கம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினர்களையும் மறுபடி குடவோலையில், அதாவது குடத்தில் பெயர் ஓலையிட்டு ஆள் தேர்வதில், சேர்க்கக் கூடாது என்கின்றன. அங்கே சொல்லப்படுவது பதவித் தடை, சிறை அல்ல.

பின்னாளில் இங்கே சட்டம் இயற்றிய இங்கிலாந்தின் பழைய சட்டத்திலோ, பிறர் வசமிருந்து எடுத்தால்தான் திருட்டு. 1799-இல் பேஸ்லி என்ற வங்கி ஊழியர், வாடிக்கையாளர் கட்டிய 100 பவுண்டு நோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நோட்டு வங்கியின் வசம் வரவே இல்லை என்று சொல்லித் தப்பினார். அதே ஆண்டில் கையாடலுக்குத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் இந்த ஓட்டையை முதலிலேயே அடைத்தது. 405-ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கும் நம்பிக்கை மோசடியை வரையறுத்தது. 406-இன்படி 3 ஆண்டு வரை சிறை. சரக்குப் போக்குவரத்துக்காரர், கிடங்குக்காரர், குமாஸ்தா, வேலையாள் செய்தால் 7 ஆண்டு வரை. அரசு ஊழியர், வங்கியாளர், வணிகர், முகவர் செய்தால் 409-இன்படி 10 ஆண்டு வரை அல்லது ஆயுள். நம்பிக்கை கூடக்கூடத் தண்டனையும் கூடும் என்ற இந்த ஏணி நியாயமானது.

அம்பத்தூரில் இந்தச் சட்டத்துக்கு நிறைய வேலை இருந்தது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது, 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. பெரிய கம்பெனி இரும்புக் கம்பியையும் வார்ப்பையும் டெலிவரி சலானோடு அனுப்பும். சின்னப் பட்டறை கடைந்து கொடுத்துக் கூலி வாங்கும். இந்த ஜாப் ஒர்க்கில் பட்டறைக்குள் கிடக்கும் சரக்கு பட்டறைக்காரருடையது அல்ல. லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக்கூட எடைபோட்டுத் திருப்பித் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்தச் சரக்கை நேர்மையற்ற எண்ணத்தோடு வெளியில் விற்றால் அது நம்பிக்கை மோசடி.

இதைவிடக் கொடியது தொழிலாளியின் பி.எஃப். பணத்தைக் கையாடுவது. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் தொடக்கத்திலேயே பொறியியல் தொழிலுக்குப் பொருந்தியது. 50 பேர் வேலை செய்தால்தான் என்றிருந்த வரம்பு 1960-இல் 20 ஆகக் குறைந்தது. சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு, பணத்தைக் கட்டாமலே விடும் முதலாளிகள் இருந்தார்கள். பணம் முதலாளியின் கையைவிட்டுப் போகவே இல்லையே, யார் யாரிடம் ஒப்படைத்தது என்று வாதாட இடமிருந்தது. 1973-இல் 405-உடன் சேர்க்கப்பட்ட விளக்கம், பிடித்த நொடியிலேயே அந்தப் பணம் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்றது. 1975-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. பிடித்தத்துக்கும் இதே விதி வந்தது. தொழிலாளியின் வியர்வைக் காசை இவ்வளவு தெளிவாகக் காத்த திருத்தம் அந்தச் சட்டத்தில் வேறில்லை. ஆனால் 1998-இல், இ.எஸ்.ஐ. வழக்கொன்றில், இங்கே முதலாளி என்பது கம்பெனியே, அதன் இயக்குநர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாது என்பதால் தொழிலாளிக்கு இது பெரிய அடி.

இந்தச் சட்டம் தொழிற்சாலையோடு நிற்கவில்லை; மனைவியின் சீதன நகையைக் கணவன் திருப்பித் தர மறுப்பதும் 406-இல் அடங்கும் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் முடிவானது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழக்குகள் 2022 ஜனவரியிலிருந்து ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின்கீழ் வருகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு பொருந்தும். பழைய 3 ஆண்டு அதில் 5 ஆண்டாகியிருக்கிறது; பி.எஃப்., இ.எஸ்.ஐ. விளக்கங்கள் அப்படியே தொடர்கின்றன.