முன்னவர் நிழலிற் பின்னவர்: அலபாமா உதைபந்தாட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தலைவர் ஒருவர் நீங்க மற்றொருவர் அவ்விடத்தைப் பெறுங்கால், மக்கள் வந்தவரை நோக்குவதினும் சென்றவரை நினைப்பதே மிகுதி. அரச வரலாற்றிற் காணும் இவ்வியல்பு விளையாட்டு வரலாற்றிலும் உண்டென்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழகம் தக்க சான்றாகும். பந்தைக் கையிலேந்தி ஓடும் அந்நாட்டு உதைபந்தாட்டம், அங்கு மாணவர்க்கு மட்டுமன்றி மாநிலத்தார் பலர்க்கும் உயிரனையது.

போல் பிறயன்ற் 1958 தொடக்கம் 1982 வரை 25 பருவங்கள் அங்கு தலைமைப் பயிற்றுநராக விளங்கி, 6 தேசிய வாகைகளை ஈட்டினார். ஓய்வுபெற்ற சில வாரங்களில், 1983 ஜனவரியில், அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற றே பேர்க்கின்ஸ் நான்கு பருவங்கள் அப்பதவியிலிருந்து விலகினார்.

1987இல் பில் கர்ரி நியமனம் பெற்றபோது ஆதரவாளர் பலர் முகஞ் சுளித்தனர். அவர் பிறயன்றின் மரபினர் அல்லர். ஜோர்ஜியாத் தொழினுட்ப நிறுவனத்தில் ஆடியவர். அங்கே பயிற்றுநராக அவர் பெற்ற பேறு 31 வெற்றியும் 43 தோல்வியுமே. 1988இல் ஒரு தோல்வியின் பின் அவரது அலுவலக யன்னலினூடே செங்கல் எறியப்பட்டது. எனினும் மூன்று பருவங்களில் அவர் 26 வெற்றி கண்டார், தோல்வி பத்தே. 1990இல் அவர் கென்ரக்கிக்குச் சென்றார்.

அடுத்து வந்த ஜீன் ஸ்ராலிங்ஸ், ரெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் 27 ஆட்டங்களில் வென்று 45இல் தோற்றவர். முன்னைய பேறே அளவுகோலாயின் கர்ரியினும் இவரையன்றோ வெறுத்திருத்தல் வேண்டும்? ஆயினும் அவர் பிறயன்றிடம் ஆடியவர். அவர்க்குத் துணையாயும் இருந்தவர். 1990இல் முதல் மூன்று ஆட்டங்களிலுந் தோற்றபோதும் அவர் பதவி நிலைத்தது. 1992இல் தேசிய வாகையும் கிட்டியது.

மரபொன்றே காரணமென்று துணிதல் பொருந்தாது. பரம எதிரியாகிய ஓபேண் அணியிடம் கர்ரி மும்முறையுந் தோற்றார். ஸ்ராலிங்ஸோ முதலாண்டிலேயே அதனை வென்றார். மேலும், அலபாமாவின் பழைய ஆட்டவீரரான மைக் சூலா, ஓபேணிடம் நான்காண்டுந் தோற்று 2006இல் நீக்கப்பட்டார். 2007இல் வந்த நிக் சேபன் பிறயன்றின் வழியினர் அல்லர். எனினும் அவ்வாண்டு ஏப்ரிலில் நடந்த பயிற்சி ஆட்டத்தைக் காண 92,138 பேர் திரண்டனர். நெடுநாள் ஏக்கம் மரபுப் பற்றையும் வென்றது போலும்.

சேபனும் 6 தேசிய வாகைகளை ஈட்டி 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றார். அவரிடத்துக்கு வந்த கேலன் டீபோர், அவ்வாண்டு செப்ரெம்பரில் ஜோர்ஜியாவை வென்று புகழப்பட்டார். அப்புகழ் ஒரு கிழமையே நிலைத்தது. வண்டர்பில்ற் அணியிடம் 40க்கு 35 எனத் தோற்றதும் பழைய ஒப்பீடு மீண்டது. நிழல் மட்டும் இப்போது சேபனுடையது.

இவ்வொப்பீட்டில் மறக்கப்படுவதொன்றுண்டு. சேபன் தம் முதற்பருவத்திற் பெற்றது 7 வெற்றியும் 6 தோல்வியுமே. பின்னாளிற் பெற்ற புகழைக் கொண்டு முன்னவரையும், முதல்நாட் பிழையைக் கொண்டு பின்னவரையும் அளப்பது நீதியாகாது. விளையாட்டரங்கில் மட்டுமன்றி, தலைமை கைமாறும் எந்நிலையத்திலும் இஃது உணரத்தக்கது.